நான்காவது நிப்பிள்

மூன்று சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான்காவதற்கு இது மூன்றாவது வாரம். பின்பக்க இடது சக்கரம். அதில் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் தளர்த்துகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ப்ளீடர் நிப்பிள் ஒன்று வரமாட்டேன் என்று உட்கார்ந்ததில் ஆரம்பித்தது, இப்போது அது மாட்டியிருக்கிற, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரே கழன்று மேஜைமேல் கிடக்கிறது, வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. வயிற்றெரிச்சல் தீர எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

வண்டிக்கு 27 வயது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பராமரிப்பு நோட்டு ஒழுங்காக வைத்திருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்கிற ஆள் நான். கோளாறே அந்த நோட்டில்தான். எல்லாவற்றையும் கிலோமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்தேன், தேதிக்கு ஒரு கட்டமே போடவில்லை. கையேட்டில் பிரேக் ஆயிலுக்கு 40,000 கிலோமீட்டர் அல்லது 2 வருடம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. என் வண்டி வருடத்துக்கு 4,000 ஓடினால் அதிகம். நோட்டைப் பார்த்தால் இன்னும் நிறைய தூரம் பாக்கி இருப்பதுபோல் இருக்கும், பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஆறு வருடம் ஓடிப்போயிருக்கிறது. டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் அழகாக நின்றதால் சந்தேகமும் வரவில்லை. அளவு சரியாக இருந்து என்ன, அது உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறதே. என் வண்டிக்கு ஊற்றுகிற டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் தரக்கணக்கே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது பெடல் பஞ்சு மாதிரி இறங்குவது இப்படி ஆயில் கொதித்துக் குமிழி விடுவதால்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் கை பம்பு வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். தனியாளாகச் செய்யலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. குழாயில் குமிழி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. அரை டப்பா ஆயில் போன பிறகுதான் புத்தி வந்தது, அந்தக் காற்று பிரேக் லைனிலிருந்து வரவில்லை, நிப்பிளைத் தளர்த்தியதும் மரையைச் சுற்றி வெளிக்காற்றையே பம்பு இழுக்கிறது. மரையில் கிரீஸ் தடவினால் குறையும் என்பார்கள், கொஞ்சம் குறைந்தது, எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. பம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு தம்பியைக் கூப்பிட்டு பெடல் அமுக்க உட்காரவைத்தேன். "அமுக்கு, பிடி, விடு" என்பதுதான் மந்திரம், அவனோ நான் நிப்பிளை மூடுவதற்குள் இரண்டு தடவை காலை எடுத்துவிட்டு, "அண்ணா, இப்ப விடலாமா?" என்று கேட்டான். மறுபடியும் காற்று, மறுபடியும் முதலிலிருந்து.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தேன், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தினசரி ஓட்டும்போது, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பாதி தூரம்தான் போய்வரும், அதைத் தாண்டிய பகுதியில் வருடக்கணக்கான அழுக்கும் துருவும் ஒட்டியிருக்கும். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால் நல்ல ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழிந்துபோகலாம். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக், ஆயில் மாற்றிய மறுநாள் போயிற்று என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

முன்னால் இரண்டும், பின்னால் வலதும் மரியாதையாகத் திரும்பின. அப்புறம் இடது.

வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை நாலு நாள் காலை மாலை விட்டேன். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைத் தொடவே இல்லை, அது துருப்பிடித்த நிப்பிளின் முனைகளை வழித்துவிடும், ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான். கழற்றுவதற்கு முன்னால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துப் பார்க்க வேண்டும், துருவின் பிடி அதில் உடைந்தாலும் உடையும். உடையவில்லை. நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினேன். ஓங்கி அடிக்காமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நூறு தட்டு, ஒரு திருப்பு, மறுபடி எண்ணெய். மூன்றாம் நாள் ஒரு முனை வழிந்தது.

அடுத்தது வைஸ் கிரிப், பிடித்தால் பூட்டிக்கொள்கிற இடுக்கி. இதில் ஒரு தந்திரம் உண்டு, நிப்பிள் உள்ளே பொள்ளல், வைஸ் கிரிப்பால் நசுக்கினால் வாய் ஒடுங்கிவிடும், அதனால் துளைக்குச் சரியாகப் பொருந்துகிற டிரில் பிட் ஒன்றின் மழுங்கிய பக்கத்தை உள்ளே செருகிவிட்டுப் பிடிக்க வேண்டும். வலுவாகப் பிடித்தது. சூடு காட்டலாமா என்று யோசித்தேன், உள்ளே ரப்பர் கப், சுற்றி நாலு நாள் ஊற்றிய எண்ணெய், சூடு காட்டினால் சிலிண்டரைப் பிரித்து ரப்பர் மாற்றியே ஆக வேண்டும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஹாட் ஏர் கன்னால் மிதமாக மட்டும் காட்டி, ஆறவிட்டு, திருப்பினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று தம்பியிடம் கத்தியேவிட்டேன். பார்த்தால் பாதி வைஸ் கிரிப்பில், பாதி சிலிண்டருக்குள்.

சிலிண்டரைக் கழற்றினால் போயிற்று, இரண்டே போல்ட்தான். பின்னால் வந்து சேர்கிற பிரேக் பைப்பின் நட்டு இருக்கிறதே, அதுவும் அதே துரு. நட்டு திரும்பும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம்வரை புது பைப் போட வேண்டியதுதான். இங்கே மட்டும் நான் அவசரப்படவில்லை. வாய் பிளந்த ஃப்ளேர் நட் ஸ்பேனரை மாட்டி, அரைக்கால் சுற்று முன்னால், அதே அளவு பின்னால், ஒரு சொட்டு எண்ணெய், பைப்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே, ஒரு மாலை முழுக்க. கோடு நகரவில்லை, நட்டு வந்தது. இந்த மூன்று வாரத்தில் நான் நெஞ்சு நிமிர்த்தியது அந்த ஒரு மாலைதான்.

பிறகு மேஜையில் வைத்து ஒடிந்த இடத்தைப் பார்த்தேன். உடைந்த துண்டில் கீழ் மரை பளபளவென்று இருக்கிறது, துரு எல்லாம் மேலே, மரையின் வாயில். தண்ணீர் ஆயிலோடு உள்ளேயிருந்து வரவில்லை, வெளியிலிருந்து இறங்கியிருக்கிறது. மற்ற மூன்று நிப்பிளுக்கும் தலையில் ரப்பர் மூடி இருந்தது, அதனால் ஆறு வருடப் பழைய ஆயிலிலும் அவை திரும்பின. இதற்கு மூடி இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரியும்! முன்பொரு தடவை டயர் மாற்றிப் போடும்போது பார்த்தேன், 'தூசுக்குத்தானே, பரவாயில்லை' என்று சக்கரத்தை மாட்டிவிட்டேன்.

புது சிலிண்டர் ஆர்டர் செய்த கதை தனி. பழையது 19.05 மில்லிமீட்டர் துளை, அதாவது முக்கால் அங்குலம், வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது. படமும் அளவும் சேர்த்து அனுப்பியும் வந்தது 17.46. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிறவி, போல்ட் துளைகூடச் சரியாக உட்காரும். மாட்டியிருந்தால் அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக்கைத் தள்ளும் விசை சுமார் 16 சதவீதம் குறைவு, ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கேட்டால் "இதுவும் அதுக்கு ஆகும் சார்" என்கிறார்கள். ஆகாது. துளையை அளக்க வெர்னியர் அளவுகோல் இல்லாமல் பார்சலைப் பிரிக்காதீர்கள். திருப்பி அனுப்பியாயிற்று. இந்த முறை இரண்டு பக்கத்துக்குமாக ஜோடியாகவே வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன், வலதுபக்கச் சிலிண்டருக்கும் அதே வயதுதானே.

காத்திருக்கும் நேரத்தில் நோட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தேதிக்கு ஒரு கட்டம் போட்டதும் கூலன்ட், டைமிங் பெல்ட், பெட்ரோல் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக வயது தெரிய வந்து வயிற்றைக் கலக்குகிறது. டைமிங் பெல்ட்டுக்குத் தேதியே கிடைக்கவில்லை, அதனால் அடுத்த வேலை அதுதான். என் என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அதைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை. பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடலாமா என்று யோசனை. ஆனால் முதலில் இந்தச் சக்கரம்.

பைப்பைக் கழற்றியதும் வாயிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பெடலை ஒரு கம்பு வைத்துக் கொஞ்சமாக அமுக்கி நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் டப்பாவிலிருந்து வருகிற துவாரம் அடைபட்டு ஒழுகல் நிற்கும், அது நின்றது. பைப்பின் வாய்க்குள் தூசி போகாமல் அடைக்க அளவாக ஒன்று வேண்டியிருந்தது, வீடு முழுக்கத் தேடினேன், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வலதுபக்க நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. புது சிலிண்டர் வரும்வரை வலதுபக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும்.