23 வகை 9 ஆன கதை: பிரப்பன்வலசைக் கரையில் நத்தை எண்ணியது

பிரப்பன்வலசைக்கு முதலில் போனது கயாக் ஓட்டத்தான். ராமேஸ்வரம் போகிற வழியில், உச்சிப்புளி பக்கம், பாக் விரிகுடாக் கரை. பெரிய அலை இல்லாத கடல். துடுப்பை வைத்துவிட்டு வந்தபோது கரையில் சிதறிக் கிடந்த ஓடுகளைப் பார்த்து, இங்கே எத்தனை வகை கடல் நத்தை இருக்கும் என்று ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் அரை மீட்டர் பிவிசி குழாய் நான்கை எல்போ வைத்து ஒட்டி ஒரு சதுரச் சட்டம் செய்துகொண்டு போனேன். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை சட்டத்தைப் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுவதுதான் திட்டம். முழங்கால் தண்ணீரில் போட்டதும் சட்டம் மிதந்து போய்விட்டது! உள்ளே காற்று இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. ஊருக்கு வந்து குழாயில் ஓட்டை போட்ட பிறகுதான் அடங்கிக் கிடந்தது.

அந்த முதல் நாள் கரையிலேயே எண்ணி 23 வகை என்று எழுதிவைத்தேன், பெருமையாக வேறு இருந்தது. நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் என் வாளியை எட்டிப் பார்த்து, “தம்பி, இதுல பாதி நண்டுல்ல” என்றார். சரிதான், நகர்ந்ததெல்லாம் நத்தை என்று நினைத்திருக்கிறேன். செத்த நத்தையின் ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருந்திருக்கிறது.

அப்புறம் பொத்தான் நத்தை. சட்டைப் பொத்தான் அளவு, வழவழப்பு. சாம்பல், இளஞ்சிவப்பு, வரி போட்டது, புள்ளி வைத்தது என்று நான் நான்கு வகையாகப் பிரித்தது அத்தனையும் ஒரே இனம், அம்போனியம் வெஸ்டியாரியம். ஒரே மணல் திட்டில் இவ்வளவு நிறம் காட்டும் என்று படித்தபோது நோட்டைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

உயிருள்ளதை மட்டும் எண்ணினால் மூன்றாவது தடவை 9 வகைதான். கடற்புல்லுக்குள் கோபுரம் போல நீண்ட செரித்தியம் என்ற நத்தைதான் அதிகம். நிலா நத்தையை உயிரோடு பார்க்கவில்லை, ஆனால் அது இருப்பது நிச்சயம்: மட்டி ஓடுகளில் மேலே அகன்று உள்ளே குறுகும் வட்ட ஓட்டை, உள்ளே இருக்கும் மட்டியைத் தின்ன அது அமிலத்தால் இளக்கி நாக்கால் அரம் போல ராவிப் போட்டது. போதாததற்கு மணலும் சளியும் சேர்த்துச் செய்த அதன் முட்டைவளையமும் ஒன்று கிடைத்தது, சட்டைக் காலர் மாதிரியே இருக்கும். பக்கத்தில் நின்ற பையன் அதை பிளாஸ்டிக் குப்பை என்று குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போகப் பார்த்தான், பாவம், நல்ல எண்ணம்தான். கூம்பு நத்தையின் காலி ஓடும் ஒன்று கிடந்தது. உயிரோடு இருந்தால் தொடவே கூடாது, ஈட்டி போன்ற பல்லால் விஷம் ஏற்றிவிடும்.

கயாக் இறக்கும் இடத்தில் சட்டத்துக்கு ஒன்றிரண்டு நத்தைதான். இருநூறு மீட்டர் தள்ளிப் போனால் பொத்தான் நத்தை மட்டுமே கை நிறைய. மிதிபடுவதாலா, அங்கே மணலே வேறு மாதிரி இருப்பதாலா, நாலைந்து சட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓடு பொறுக்கிப் பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் மட்டும் துறவி நண்டு நினைவுக்கு வந்து கொஞ்சம் எரிச்சல் வருகிறது, நானும் முதல் நாள் ஒரு பிடி எடுத்துவந்தவன்தான். அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

வாடைக் காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும். இனி தை பிறந்த பிறகுதான். அடுத்த தடவை மணலைச் சலிக்க ஒரு சல்லடையும் எடுத்துப் போகிறேன், அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.