நாளெ பா: கதவில் எழுதிய இரண்டு சொல்லும் வாசலில் தொங்கும் பூசணியும்

கன்னடத்தில் ‘நாளெ பா’. தமிழில் ‘நாளை வா’. பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளர்ந்த தமிழருக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம வாய் அங்கே பாயி, வெள்ளி பெள்ளி, வேர் பேரு. அதே கணக்கில் வா, பா ஆகிவிடுகிறது.

தொண்ணூறுகளில் பெங்களூரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் வீட்டுக் கதவுகளில் இந்த இரண்டு சொல்லையும் எழுதி வைத்தார்கள். கதை இதுதான். ராத்திரியில் ஒரு பெண் பேய் தெருவில் நடந்து வந்து கதவைத் தட்டும். தட்டும்போது கேட்பது அதன் குரலாக இருக்காது, அம்மாவின் குரலாகவோ அக்காவின் குரலாகவோ இருக்கும். நம்பித் திறந்தவர் பிழைப்பதில்லை. புருஷனைத் தேடி அலையும் கல்யாணப் பெண் அது, வீட்டு ஆம்பளையைத்தான் கொண்டுபோகும் என்று இன்னொரு வடிவமும் உண்டு. கதவில் எழுதியிருந்தால் படித்துவிட்டுத் திரும்பிவிடும். மறுநாள் ராத்திரி வரும், மறுபடி படிக்கும், மறுபடி போகும். 2018இல் வந்த ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படம் இதே உத்தியை மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுபோனது. சரக்கு நம்ம ஊருடையது.

இந்தப் பேய்க்கு மூன்று தகுதி வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டும், சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும், நேற்று படித்தது இன்று நினைவில் இருக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் ஏற்பாடு படுத்துவிடும். எழுதுகிறவருக்கும் ஒரு விதி உண்டு: தேதியோ கிழமையோ போடவே கூடாது. ‘வியாழக்கிழமை வா’ என்று எழுதினால் வியாழக்கிழமை வந்து நிற்கும். மளிகைக் கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று போர்டு மாட்டுகிற அண்ணாச்சிக்கு இந்தச் சூட்சுமம் எப்போதோ தெரியும். ராமன் ராவணனை இன்று போய் நாளை வா என்று அனுப்பினான். ராவணனுக்கு அந்த மறுநாள் வந்தது. கதவு முன்னால் நிற்பவளுக்கு மட்டும் வருவதே இல்லை.

எழுத்து நிற்குமா என்பது கதவைப் பொறுத்தது. எண்ணெய் பூசிய தேக்குக் கதவில் சாக்பீஸ் வழுக்கும், பளபள எனாமல் பெயின்டில் பாதி எழுத்துதான் விழும். சாரல் அடிக்கும் பக்கமாக வாசல் இருந்தால் ஜூன் மாதத்தில் இரண்டு நாள் தாங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெள்ளிக்கிழமைதான். கதவைத் துடைத்து, வாசப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற வீட்டில், அந்த ஈரத்துணியே எழுத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு விளக்கு வைப்பதற்குள் யாராவது ஞாபகமாகத் திரும்ப எழுத வேண்டும்.

தமிழ் வீடுகளில் எழுத்து இல்லாமலே இதற்கு ஒரு விதி இருந்தது. ராத்திரியில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்கு ‘என்ன’ என்று கேட்கக் கூடாது. மூன்றாவது தடவையும் குரல் வந்தால்தான் பதில். பேயால் அத்தனை தடவை கூப்பிட முடியாது என்பது நம்பிக்கை. பேயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் விதி உருப்படியானதுதான். முதல் குரலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தூக்கம் கலைந்துவிடும், குரல் யாருடையது என்று பிடிபட்டுவிடும், நடை விளக்கைப் போட நேரம் கிடைக்கும். தெருவிளக்கு கம்மியாக இருந்த நாளில், கதவில் பார்வைத் துளையும் இல்லாத வீட்டுக்கு இதைவிடச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

பேப்பரிலும் யூடியூபிலும் திரும்பத் திரும்ப வரும் பெங்களூர்ப் பேய் இடங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கல்பள்ளி மயானம், விமான நிலையத்தில் வெள்ளைப் புடவை, நெடுஞ்சாலையில் லிஃப்ட் கேட்கும் பெண் என்று எதை எடுத்தாலும் எந்த ஊருக்கும் பொருந்தும் சரக்கு. செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் இருந்த டெர்ரா வேரா பங்களா கொஞ்சம் வேறு ரகம். 2002இல் அங்கே நிஜமாகவே ஒரு கொலை நடந்தது. அதன்பின் பூட்டிக் கிடந்த வருஷங்களில்தான் பேய் குடியேறியது. பூட்டு, உடைந்த கண்ணாடி, ஆளுயரப் புல். இந்த மூன்றும் சேர்ந்தால் பேயைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை.

பேய்க்கதை வந்திருக்க வேண்டிய வீடு ரிச்மண்ட் ரோட்டில் இருந்தது. மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி 1991 மே மாதக் கடைசியில் காணாமல் போனார். மகள்கள் கேட்டபோதெல்லாம் இரண்டாவது கணவர் சிரத்தானந்தா ஒவ்வொரு காரணம் சொன்னார். அந்த வீட்டிலேயே குடியும் இருந்தார். 1994 மார்ச்சில் போலீஸ் அதே வீட்டு வளாகத்தில், மேலே கல் பாவியிருந்த இடத்தைத் தோண்டியது. மரப்பெட்டிக்குள் எலும்புக்கூடு. தோண்டியதை வீடியோ எடுத்தார்கள், மரபணுச் சோதனையும் நடந்தது. கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் கணவருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தன. 2008இல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, சாகும்வரை வெளியே விடக் கூடாது என்று தீர்ப்பெழுதியது. தூக்குக்கும், 14 வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்ற எதிர்பார்ப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டனையைச் சட்டத்துக்குள் நிலைநிறுத்திய வழக்கு அது. ஏறக்குறைய மூன்று வருஷம் ஒரு உடல் தரைக்கடியில் கிடந்திருக்கிறது. அந்தத் தெருவில் அழுகுரல் கேட்டதாகவோ கதவு தட்டப்பட்டதாகவோ ஊர் அப்போது பேசவில்லை. கதவில் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து வருகிறவரைத்தான் நிறுத்தும். சாவி வைத்திருப்பவர் அதைப் படிக்கப்போவதில்லை.

வாசலில் அடையாளம் வைப்பது பேயோடு வந்த பழக்கமும் இல்லை. 1898இல் பெங்களூருக்கு ரயிலேறி பிளேக் வந்தது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புதுப் பேட்டைகளாக விரிந்ததற்கு அந்த நோயும் ஒரு காரணம். பிளேக் அம்மன் கோயில்கள் இன்றும் ஊரில் உண்டு. அம்மனை யாரும் நாளை வா என்று சொல்லி அனுப்புவதில்லை. அழைத்து, கூழ் ஊற்றி, குளிர வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அம்மை போட்ட வீட்டில் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகினால், பார்க்கிறவர் வாசலோடு நின்றுவிடுவார். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற அறிவிப்பு அது. வீட்டாரும் வெளியே போக மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள். கடைசித் தண்ணீர் ஊற்றும்வரை கொத்து இறங்காது.

இப்போது மிச்சமிருப்பது பூசணி. புது வீடு, கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்ட், ஒர்க் ஷாப், மொபைல் கடை என்று பெங்களூரில் அது தொங்காத இடம் குறைவு. இங்கே அதன் பெயர் பூதுகும்பளகாயி. நம்ம காதுக்குப் பூதம் என்று கேட்கும், ஆனால் கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல்தான். நாமும் சாம்பல் பூசணி என்றுதானே சொல்கிறோம்.

கட்டித் தொங்கவிட மூன்று முதல் ஐந்து கிலோ வரை உள்ள முற்றல் காய் வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் இறங்கக் கூடாது. காம்பு இரண்டு விரல் நீளமாவது ஒட்டியிருக்க வேண்டும். மேலே வெள்ளைச் சாம்பல் கலையாமல் இருக்க வேண்டும். அது உண்மையில் மெழுகு, ஈரத்தையும் கிருமியையும் அண்ட விடாது. அதனால்தான் நல்ல காய் பரணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாங்கி வந்தவுடன் பக்தியாகக் கழுவித் துடைத்து, முழுசாக மஞ்சள் பூசி, அரக்கன் முகத்தை ஆணியால் கீறி வரைந்தால் பத்து நாளில் ஒழுக ஆரம்பிக்கும். உடனே ‘பாத்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு’ என்பார்கள். பட்டது ஆணி. முகம் வரைய வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் பெயின்டால் வரையலாம். காம்பில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது, எடை தாங்காமல் காம்பு பிய்ந்து அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். கயிற்றை உறி மாதிரிப் பின்னி அடியிலிருந்து தாங்க வேண்டும். வெயில் நேராக விழும் இடமும் ஏசியின் வெளிப்பெட்டி சூடு அடிக்கும் இடமும் ஆகாது.

அமாவாசைக்கு உடைக்கிற காய் கொஞ்சம் இளசாக இருந்தாலும் பரவாயில்லை. காம்புப் பக்கம் இரண்டு அங்குலச் சதுரமாக மூடி வெட்டி, கொஞ்சம் சதையை எடுத்து, இரண்டு டீஸ்பூன் குங்குமம், சில சில்லறைக் காசு, கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கிளற வேண்டும். குங்குமம் இல்லையென்றால் மஞ்சளில் நெல் அளவு சுண்ணாம்பு சேர்த்தால் அதுவே ரத்தச் சிவப்பாகும். மூடியை வைத்து, அதன்மேல் வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். வெற்றிலை வைக்க மறந்தால் காயின் ஈரத்தில் கற்பூரம் அணையும், அணைந்தால் சகுனம் என்று ஒரு பெரிசு ஆரம்பித்துவிடும். வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று.

உடைக்கும் இடத்தில்தான் நிஜமான ஆபத்து. முச்சந்தி நடுவில் உடைத்தால், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் விடியற்காலையில் பால் பாக்கெட் போடப் போகிற பையன் அந்தக் கூழில் வழுக்குவான். காசைப் பொறுக்கச் சின்னப் பிள்ளைகளும் நடு ரோட்டுக்கு ஓடி வருவார்கள். கேட்டுக்கு வெளியே சுவரோரமாக உடைத்துவிட்டு, சூடு ஆறியதும் துண்டுகளை வாரி ஈரக் குப்பையில் போட்டுவிடலாம். திருஷ்டிச் சாமானைக் கையால் தொடக் கூடாது என்று வீட்டில் சொன்னால் முறம் இருக்கிறது.

தொங்கும் காயை இறக்குவதிலும் ஒரு கவனம் வேண்டும். வெளியே முழுசாகத் தெரிந்தாலும் பழைய காய்க்குள் பாதி தண்ணீராகியிருக்கும். கயிற்றை அறுக்கும் முன்பே கீழே ஒரு பக்கெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு ஸ்கூட்டரையும் தள்ளி நிறுத்திவிடுங்கள்.