பழைய எச்சரிக்கையை என்ன செய்வது?

மீனவர்களுக்கான எங்கள் கைப்பேசிச் செயலியில், வானிலைத் தகவல் வந்து 6 மணி நேரம் கடந்துவிட்டால் அது திரையிலிருந்து தானாக மறைய வேண்டும் என்று விதி எழுதியவன் நான். அது தவறு என்று ஒப்புக்கொள்ள இன்றும் மனம் வரவில்லை. சரி என்று சாதிக்கவும் முடியவில்லை.

முட்டத்து மீனவர் ஒருவர், என் அப்பா வயதுக்காரர், எங்கள் செயலியைச் சோதனைக்காகக் கடலுக்குக் கொண்டுபோய் வந்து கேட்டார்: “மக்களே, கரையில் காட்டியதை நடுக்கடலில் ஏன் எடுத்துவிட்டாய்?”

விளக்கினேன். கரையை விட்டு விலகினால் சிக்னல் அறுந்துவிடும், புதிய தகவல் வராது, பழையதை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் புயலாக வலுத்தபோது, தூத்தூர் பக்கத்துப் படகுகள் பல முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதை மறந்துவிட்டு குமரி மாவட்டத்துக்காரன் ஒருவன் கடலுக்கான செயலி எழுத முடியாது.

அவர் குரலை உயர்த்தவில்லை. “காற்று மாறினால் என் முகத்துக்குத் தெரியும். நீவாடு (கடல் நீரோட்டம்) மாறினால் வலை சொல்லிவிடும். காலையில் என்ன அறிவித்தார்கள் என்பதும் கையில் இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பேன். ஒன்றுமே இல்லாத திரையைப் பார்த்தால், எச்சரிக்கையே இல்லை என்றுதானே நினைப்பேன்?”

“இல்லை அண்ணே” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மனிதர், இடம், பொருள் ஆகியவற்றின் நிலையை விவரிக்க உதவும் எந்தத் தகவலும் செயலி கவனிக்க வேண்டிய சூழல்தான் என்று 2001இல் கணினி ஆய்வாளர் அனிந்த் டே வரையறுத்தார். நாங்கள் திரட்டியதோ ஜிபிஎஸ், பேட்டரி, சிக்னல், நேரம், கைப்பேசியின் அசைவு. அந்த அசைவைக்கூட ஆண்ட்ராய்டு நடை, ஓட்டம், சைக்கிள், வாகனம், அசையாமை போன்ற வகைகளாகத்தான் பிரித்துச் சொல்கிறது. அலையில் ஆடும் வள்ளத்துக்கு அதில் இடமே இல்லை. முகத்தில் படும் காற்றை அளக்க எங்களிடம் எதுவும் கிடையாது. அதை அறிந்தவரிடமிருந்து அல்லவா நான் தகவலைப் பறித்தேன்?

ஆனாலும் என் பயம் வீணானதல்ல. இப்போது பழைய எச்சரிக்கை மறைவதில்லை; எத்தனை மணி நேரத்துக்கு முன் வந்தது என்று மேலே பெரிய எழுத்தில் நிற்கிறது. அவருக்கு அது போதும். முதன்முறை கடலுக்கு வரும் பையனுக்குப் போதுமா? பயன்படுத்துபவரின் அனுபவத்தை முதலிலேயே கேட்டு வைக்கலாம் என்றார் உடன் வேலை செய்பவர். ஒரு படகில் ஒரே கைப்பேசி பல கைகளுக்கு மாறுகிறது. எந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.