குட்டையான வேர்கள்

பல்லுக்குக் கம்பி போட வருபவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்: வலிக்குமா, எத்தனை மாதம், பல் பிடுங்க வேண்டுமா. வேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானாகவும் சொன்னதில்லை.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. துருத்திய முன்பற்கள் ஒன்றரை ஆண்டில் அழகாக உள்ளே வந்துவிட்டன. பெருமையோடுதான் அன்று எக்ஸ்ரே எடுத்தேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கின் வேர்நுனியும் எழுதித் தேய்ந்த பென்சில்போல் மழுங்கிக் கிடந்தன. ஒன்றில் 4 மில்லிமீட்டர் குறைவு. அவளுக்கோ வலியில்லை, கூச்சமில்லை, பல்லில் ஆட்டமும் இல்லை.

சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது. அப்போதே அந்த வேர்கள் நுனியில் ஒடுங்கித்தான் இருந்திருக்கின்றன. அத்தகைய வேர்கள் எளிதில் கரையும் என்று படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனால் அன்று பற்களின் வரிசையைத்தான் பார்த்தேன்.

கம்பி அழுத்தும்போது வேருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய நார்த்திசு நசுங்கி, சில இடங்களில் இரத்த ஓட்டமின்றிச் செத்துவிடுகிறது. அதைத் துப்புரவு செய்ய வரும் செல்கள் வேரின் மேலுறையான சிமென்டத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றன. அழுத்தம் ஓய்ந்தால் பள்ளம் தூர்ந்துவிடும். கரைந்த நுனி மட்டும் மீண்டும் வளராது. 1927-லேயே அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஆல்பர்ட் கெட்சம் எக்ஸ்ரே படங்களை வைத்து எச்சரித்த விஷயம் இது. பெரும்பாலோருக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. அந்த நினைப்பில்தான் நாங்கள் அசந்துவிடுகிறோம்.

படத்தைக் காட்டியதும் அவளுடைய அம்மா, “பல் விழுந்துவிடுமா டாக்டர்?” என்றார். விழாது, கம்பியை எடுத்தால் கரைவதும் நின்றுவிடும் என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்தவர், “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மூன்று மாதம் விசையே கொடுக்காமல் கம்பியைச் சும்மா விட்டுவைத்தேன். பிறகும் மனம் துணியவில்லை. பல் பிடுங்கிய இடத்தில் மீதியிருந்த இடைவெளியை மூடாமலேயே கழற்றிவிட்டேன்.

இப்போதெல்லாம் முதல் நாளே, “சின்ன வயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டதுண்டா?” என்று கேட்கிறேன்; அடிபட்ட பல்லின் வேரும் எளிதில் கரையக்கூடும். ஆறாவது மாதம் எக்ஸ்ரே எடுக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

அந்தப் பெண் ஆண்டுக்கொரு முறை வருகிறாள். வேர்கள் அதற்குமேல் குறையவில்லை. அந்தச் சிறு இடைவெளியும் அப்படியே இருக்கிறது.