எங்கள் ஃபவுண்டரியை நாங்களே திரும்ப எடுத்த கதை

திவால் நடைமுறையில் எங்கள் ஃபவுண்டரியை நாங்களே திரும்ப எடுத்துவிட்டோம். தீர்ப்பாயத்தின் ஆணையும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கடனை எப்படித் தீர்த்துக் கம்பெனியை நடத்துவோம் என்ற மீட்புத் திட்டம் கொடுக்க அலைந்த அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

பேங்க் மனு போட்டது, திவால் நடைமுறையை நடத்தும் ஆர்.பி. (ரெசல்யூஷன் புரொஃபஷனல்) பொறுப்பேற்றது, கடன் கொடுத்தவர்களிடம் கிளெய்ம் வாங்கியது எல்லாம் அதன் போக்கில் நடந்தன. கடன் ஓராண்டாக வாராக்கடனில் கிடந்தால் பழைய முதலாளி கம்பெனியைத் திரும்பக் கேட்க முடியாது என்கிறது திவால் சட்டத்தின் 29ஏ பிரிவு. குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் 240ஏ பிரிவில் அதற்கு விலக்கு உண்டு. நாங்கள் சிறு நிறுவனம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். ஃபைலைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது சிறு நிறுவனங்களுக்கான பழைய பதிவான உத்யோக் ஆதார். அது 2022 ஜூன் 30-ஓடு காலாவதி. அதற்குப் பதிலாக வந்த உத்யம் பதிவுக்கு மாறவே இல்லை.

ஆன்லைனில் காசு செலவில்லாமல் முடிகிற வேலைதான். ஆனால் போர்டு அதிகாரம் ஆர்.பி. கைக்குப் போன பிறகு கம்பெனி பெயரில் நான் ஒரு படிவம்கூடப் போட முடியாது. அவர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை உதவியாளர், "கேஸ் ஆரம்பிச்ச பிறகு எடுக்கிற சர்டிஃபிகேட் செல்லாது சார்" என்று ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார். அதன் அட்டையில் கம்பெனி பெயர் என் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. பதில் பேச வாய் வரவில்லை.

வழி காட்டியது வக்கீல்தான். ஹரி பாபு தோட்டா வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: திட்டம் கொடுக்கிற தேதியில் சிறு நிறுவனம் என்ற தகுதி இருந்தால் போதும். தீர்ப்பை அச்செடுத்து, அந்தப் பத்தியில் மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். ஆர்.பி. நின்றபடியே படித்தார். "சரி, பதிவு பண்ணிடலாம்" என்றார். அன்று இரவுதான் தூங்கினேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். 240ஏ விலக்கு தருவது 29ஏ-வின் இரண்டு உட்பிரிவுகளுக்கு மட்டும். வேண்டுமென்றே கடன் கட்டாதவர் என்ற முத்திரை விழுந்துவிட்டால் அது காப்பாற்றாது. உறவினர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பணத்தை 2 ஆண்டு பின்னோக்கித் தோண்டுவார்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். என் மனைவி கம்பெனிக்குக் கொடுத்த கடனும் கணக்கில் இருந்தது. ஆனால் திட்டத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தவர்கள் குழுவில், உறவினர் என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை. திட்டத்துக்கு வேண்டிய 66 சதவீத ஓட்டு பேங்கிடமிருந்துதான் வந்தது.

நான் கோட்டை விட்டது பர்சனல் கியாரண்டியில், அதாவது கம்பெனி கடனுக்கு நான் சொந்தமாகக் கொடுத்த உத்தரவாதத்தில். திட்டம் நிறைவேறினாலும் அது தானாகத் தீராது என்று 2021 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டெடுப்புக்கு முன்பே பேங்கிடம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். ஃபர்னஸ் மறுபடி எரிகிறது, பழைய ஆட்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். வீட்டுப் பத்திரம் மட்டும் இன்னும் பேங்க் லாக்கரில் இருக்கிறது. திங்கட்கிழமை அதற்காக மறுபடி போகிறேன்.