உச்சிப்புளிப் பக்கம் வீடு கட்டி கேமரா மாட்டிய கதை

கேமரா கடைக்குள் நுழைந்தால் பேச்சு முழுக்க மெகாபிக்சல்தான். 2 போதுமா, 5 வேண்டுமா, இப்போது 8 வந்துவிட்டதே என்று அடுக்குவார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு. ஒயர் செம்பா, ஸ்க்ரூ துருப்பிடிக்குமா, ஜாயின்ட் எங்கே வரும்? நான் ஏறி இறங்கிய கடைகளில் இதைத் தானாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் வீடு உச்சிப்புளியைத் தாண்டி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் மெல்லிசாக ஒரு நிலம். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புதான். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் திருப்பூரில். அக்கம்பக்கம் வீடுகளும் குறைவு. அதனால் கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை.

பூச்சுக்கு முன்பே சுவருக்குள் பைப் ஓட்டியாகிவிட்டது. வைஃபை கேமராவை வேண்டாம் என்றேன். ஒயரே இல்லை என்று விற்கிறார்கள். கரண்டு ஒயர் எப்படியும் இழுத்துத்தான் ஆக வேண்டும், ரூட்டர் கொஞ்சம் மக்கர் செய்தால் எல்லாமே போச்சு. கேட் தூரம் என்பதால் 4 கேமரா, படத்தைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி, கரண்டு ஒயரும் சேர்ந்த கோஆக்சியல் கேபிள் என்று முடிவானது. மாட்டுவது ஒரே நாளில் முடிந்தது. அதுவரை எல்லாம் சுகம்.

ராத்திரி வந்தது பாருங்கள் வினை. கேட்டில் இருந்த கேமரா பகலெல்லாம் பளிச்சென்று தெரியும். இருட்டியதும் படம் போகும், வரும், மறுபடி போகும். விடிந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். ராமநாதபுரத்தில் வாங்கிய கடைக்குப் போன் போட்டால் “நெட் ஸ்லோவா இருக்கும்ணே” என்றார்கள். நெட்டுக்கும் டிவியில் நேராகப் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும், பையனை அனுப்புவதாகச் சொன்னார்கள். பையன் வந்தது மத்தியானம். “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த முறையும் வெயிலோடு வந்து வெயிலோடு போனான். இதற்காகத் திருப்பூரிலிருந்து நான் பஸ் ஏறி வந்ததெல்லாம் தனிக் கணக்கு.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் தம்பி. இருட்டின பிறகு மல்டிமீட்டரோடு வந்தான். டிவிஆர் பக்கம் பவர் சப்ளையில் 12 வோல்ட் சரியாக இருந்தது. கேட்டில் கேமராவுக்குப் போகிற முனையில் 9 சொச்சம்தான். இருட்டியதும், இருளில் படம் பிடிக்கக் கேமராவில் இருக்கிற இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பிக்கும், கரண்டு கூடுதலாக இழுக்கும். ஒயர் மட்டமாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் அந்த விளக்கு இல்லை, அதனால் சிக்கலும் இல்லை. பையன் மத்தியானம் வந்து எதைப் பார்க்க முடியும்?

அப்புறம் அந்தத் தம்பி மீதமிருந்த கேபிளில் ஒரு துண்டை எடுத்து, உள்கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம். ஒரு சுரண்டு சுரண்டியதும் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. முழுச் செம்பைவிட மின்தடை அதிகம். உப்புக்காற்று பட்டால் முனையெல்லாம் வெள்ளை மாவாகப் பூத்து அதுவும் போய்விடும். கடையில் சுருளைக் கையில் வாங்கியதும் இப்படிச் சுரண்டிப் பாருங்கள். முகம் சுளிக்கிற கடைக்காரர் பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “எல்லாரும் இதைத்தாண்ணே போடுறாங்க” என்றார் முதலாளி. பில்லை மேஜையில் வைத்தேன். கேபிள் வரியில் ‘காப்பர்’ என்று எழுதியிருந்தது. வாங்கும்போதே கேட்டு எழுத வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார், யாருக்கோ போன் போட்டார். 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறதே, அதில் பேசட்டுமா என்றேன். மறு வாரமே முழுச் செம்புக் கேபிள் வந்துவிட்டது, கூலி கேட்கவில்லை. பைப்புக்குள் போட்டிருந்ததால் பழையதோடு கட்டி இழுத்ததில் புதியது வந்துவிட்டது. சுவரைக் கொத்தியிருந்தால் அன்றைக்கு என் ரத்தக் கொதிப்பு எங்கே போயிருக்கும் என்று தெரியாது.

பில்லைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கேமரா, டிவிஆர், ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். கேமராவுக்கு மத்திய அரசு கட்டாயப் பாதுகாப்புச் சோதனை கொண்டுவந்து, 2025 ஏப்ரலிலிருந்து அது அமலில் இருக்கிறது. பெயரில்லாத அட்டைப்பெட்டியைத் தள்ளிவிடப் பார்த்தால் அந்தச் சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

அடுத்த தலைவலி போன் ஆப். மாட்ட வந்தவன் தன் மொபைல் நம்பரில் கணக்கைத் திறந்து டிவிஆரைச் சேர்த்துவிட்டு, எனக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்திருந்தான். அதாவது எங்கள் வீட்டு வாசலை அவன் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், நான் அவன் தயவில் பார்க்க வேண்டும். “எல்லா வீட்டுக்கும் இப்படித்தாண்ணே, சர்வீஸுக்கு ஈஸி” என்றான். மீதிப் பணம் என் கையில் இருந்ததால் உட்கார வைத்து, அவன் கணக்கிலிருந்து நீக்கி, என் நம்பரில் சேர்த்து, அட்மின் பாஸ்வேர்டை நானே மாற்றிய பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பொய். 1 டெராபைட்டில் ஒரு மாதம் நிற்கும் என்றார்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்தால் 4 கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜிபி. பன்னிரண்டு நாளைக்குள் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். ஊருக்குப் போய் மாதம் கழித்து வருகிறவர்கள் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இனி துரு. பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும். தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். உப்பைப் பற்றி அது பேசவில்லை. கேமராவுக்குப் பின்னால் வால் போல வருகிற ஒயரின் முனைக்கும் அது பொருந்தாது. எங்களுக்கு அந்த முனைகளை இன்சுலேஷன் டேப் சுற்றிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கச்சான் (மேல்காற்று) காலம் முடிவதற்குள் டேப் பிசுபிசுத்து, உள்ளே கேபிளைக் கேமராவோடு இணைக்கும் பிஎன்சி கனெக்டரில் பச்சைக் களிம்பு. வாரண்டி கேட்டால் துருவுக்குக் கிடையாதாம். கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

தெருத் தம்பிதான் சரிசெய்தான். ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் பிவிசி பெட்டி, கனெக்டர் எல்லாம் அதற்குள், முனையில் சிலிக்கான் கிரீஸ். ஒயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் ஒரு வளைவு விட வேண்டும். மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஸ்க்ரூ எஸ்எஸ் 316, அதாவது உப்பைக் கூடுதலாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். கடையில் சும்மா எஸ்எஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் 304, அதுவும் இங்கே புள்ளி புள்ளியாகப் பழுக்கிறது.

டிவிஆரைத் தரையோர அலமாரியில் வைக்கத்தான் சொன்னார்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நினைத்து, லாஃப்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். ரூட்டரும் அதுவும் ஒரே இன்வெர்ட்டர் லைனில்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவிடம், “என்னக்கா, உங்க கேமரா எங்க பாத்ரூமைப் பாக்குதாமே” என்று வந்து நின்றார். நியாயம்தானே. கேமராவைத் திருப்பினால் எங்கள் கொல்லைக் கதவு மறையும். டிவிஆர் மெனுவில் பிரைவசி மாஸ்க் என்று இருக்கிறது; அந்த இடத்தை மட்டும் கறுப்பாக்கி, அக்காவை உட்கார வைத்து டிவியில் காட்டினோம்.

போனுக்கு அலர்ட் வருவதை இரவில் நிறுத்திவைத்திருந்தேன். மழைக்காலத்து ஈசலும், கண்ணாடியில் வலை பின்னும் சிலந்தியும், ஆடும் பனை ஓலையும் கேமராவுக்குத் திருடன்தான். ஆள் வந்தால் மட்டும் சொல்லும் வசதி இருக்கிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் இருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மெனுவைத் துழாவித்தான் பிடித்தேன். வெளியே தெரியும் இடத்தில் தனியாக ஒரு பல்பு போட்டதும் பூச்சியெல்லாம் அங்கே போய்விட்டது.

கண்ணாடியை அப்பா மாதம் ஒருமுறை துடைக்கிறார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் கேன் தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம்தான் துணி. காய்ந்தபடியே தேய்த்தால் ஒட்டியிருக்கிற மணல் கீறிவிடும்.