சிவப்பு எரிந்தால் படிக்கட்டு அறை

எங்கள் வீட்டில் ஒரு வானிலை ரேடியோ இருக்கிறது, வானிலை எச்சரிக்கை வந்தால் தானே அலறும் சின்னக் கருவி. அதன் முதுகில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அம்மாவின் கையெழுத்து. "சிவப்பு: பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு அறை. ஆரஞ்சு: செருப்பு, டார்ச் எடுத்து வை. மஞ்சள்: காது கொடுத்தால் போதும்." மூன்றே வரி. நூறு பக்கத்துக்கு விளக்கக் கையேடு இருந்தாலும் எங்கள் வீட்டில் அந்தக் கருவியைப் பற்றிய உண்மையான கையேடு அந்தச் சீட்டுதான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சன் நகரில். இந்தப் பக்கத்தில் நம்மவர்கள் நிறைய. வருகிறவர்கள் எல்லோரும் கார் வாங்குகிறார்கள், கிரைண்டர் வாங்குகிறார்கள். வானிலை ரேடியோ வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு வீடுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் இருந்தேன், 2019 அக்டோபர் 20 வரை. ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊர் முழுக்க அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, கைப்பேசிகளைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, மாடியில் படுத்துவிட்டோம். 9 மணியளவில் டாலஸின் வடமேற்கில் தரை தொட்ட டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண், ரிச்சர்ட்சன் வரை வந்தது. சுழியத்திலிருந்து ஐந்து வரை போகும் டொர்னாடோ அளவுகோலில் இஎஃப்-3 வகை. எங்களை எழுப்பியது எச்சரிக்கை அல்ல, மின்சாரம் போனதும் நின்றுபோன மின்விசிறி. ஊர் சைரன் அடித்திருக்கிறது. மூடிய ஜன்னலுக்குள், மழைச் சத்தத்தில், எங்கள் காதுக்கு எட்டவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்தச் சைரன்கள் வெளியில் நிற்பவர்களுக்காகவே வைக்கப்பட்டவை. வீட்டுக்குள் தூங்குகிறவனை எழுப்புவது அவற்றின் வேலை அல்ல. மறுநாள் காலை ஃபாரஸ்ட் லேன் பக்கம் போனபோது ஹோம் டிப்போ கடை உருக்குலைந்து கிடந்தது. அன்று யாரும் சாகவில்லை. அந்த இடிபாட்டைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இதே டாலஸ் வட்டாரத்தில் 2015 டிசம்பர் 26 மாலை கார்லண்ட், ரௌலட் பக்கம் வீசிய டொர்னாடோவில் 10 பேர் இறந்தார்கள்.

(டொர்னாடோ என்றே எழுதுகிறேன். சூறாவளி என்றால் நம் பத்திரிகைகள் புயலையும் அப்படியே சொல்கின்றன, இரண்டும் வேறு.)

2019-இல் அந்த டொர்னாடோ வந்த வாரமே ரேடியோவை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் கருவி, இழுத்து நீட்டும் ஆன்டெனா, சின்னத் திரை, மூன்று நிற விளக்கு, உட்காரவைத்து சார்ஜ் ஏற்ற ஒரு தொட்டில். மேசையில் வைக்கும் பெரிய வகை இதைவிட மலிவாகவே கிடைக்கும், சத்தமும் அதிகம். ஆனாலும் கையடக்கத்தையே எடுத்தேன். ஒளிந்துகொள்ளப் போகும் இடத்துக்கு நம்மோடு வர வேண்டும் அல்லவா? இங்கே களிமண் நிலம் என்பதால் வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, நடு வீட்டுச் சிற்றறைதான் புகலிடம். எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறை.

இந்த ரேடியோவில் பாட்டு வராது. அமெரிக்க வானிலைச் சேவை 162.400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 162.550 வரை ஏழே அலைவரிசைகளில் இரவும் பகலும் வானிலை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 148 டொர்னாடோக்கள் சேர்ந்தாற்போல் தாக்கி முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, 1975-இல், வீடுகளுக்கு அரசு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் வானொலி இதுதான் என்று முடிவாயிற்று. படிப்பது கணினிக் குரல். உணர்ச்சியே இல்லாத அந்தக் குரலுக்கு நான் முழு மரியாதை தருகிறேன். இணையம் வேண்டாம், கைப்பேசிக் கோபுரம் வேண்டாம், சந்தா வேண்டாம்.

முதல் நாள் நான் செய்த தவறு, கருவி தானாகத் தேடிப்பிடித்த அலைவரிசையை அப்படியே விட்டது. அது எந்தக் குரல் பலமாகக் கேட்கிறதோ அதைப் பிடிக்கும். என் கருவி ஃபோர்ட் வொர்த் கோபுரத்தின் 162.550-ஐப் பிடித்து வைத்திருந்தது. பலமாகக் கேட்கும் கோபுரம் உங்கள் கவுண்டிக்கான (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எச்சரிக்கையை அனுப்பும் கோபுரமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தக் கோபுரம் எந்தக் கவுண்டிகளுக்கு என்று வானிலைச் சேவை பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். டாலஸ் கோபுரத்துக்கு கேஇசி 56 என்று பெயர், 162.400. அதற்கு மாற்றினேன்.

அடுத்தது ஆறிலக்க எண். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முன்னால் கரகரவென்று பழைய ஃபேக்ஸ் இயந்திரம் போல ஓர் ஒலி மூன்று முறை வரும். அதற்குள்தான் எந்தக் கவுண்டி, என்ன ஆபத்து, எத்தனை நேரம் என்பதெல்லாம் எண்ணாகப் பொதிந்திருக்கிறது. நம் கருவி அதைப் படித்து, தனக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு பொருந்தினால் மட்டும் அலறும். டாலஸ் கவுண்டிக்கு 048113. முதல் சுழியம் கவுண்டி முழுவதும் என்பதற்கு, 48 டெக்சாஸ், 113 டாலஸ். எங்கள் ஊர் இரண்டு கவுண்டிகளில் கால் வைத்திருப்பதால் காலின் கவுண்டியின் 048085-ஐயும் சேர்த்தேன். இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, முன்கூட்டியே தெரியட்டும் என்று டாரண்ட் கவுண்டியின் 048439-ஐயும் போட்டுவைத்தேன். முதல் வசந்த காலத்திலேயே அதை எடுத்துவிட்டேன். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்து ஓய்ந்துபோகும் மழைக்கெல்லாம் நடு இரவில் அலறியது. மனைவி, "இன்னும் ஒரு வாரம் இப்படிக் கத்தினால் நானே பேட்டரியைக் கழற்றிவிடுவேன்" என்றாள். அவள் சொன்னதில்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஓயாமல் கத்தும் ரேடியோவை எந்த வீட்டிலும் அணைத்துவிடுவார்கள். அணைத்த ரேடியோவும் வாங்காத ரேடியோவும் ஒன்றுதான். எதற்கு அலற வேண்டும் என்பதைவிட எதற்கு வாய்மூடி இருக்க வேண்டும் என்பதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இரண்டு சொற்களைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. 'வாட்ச்' என்றால் வரக்கூடும், கண் வைத்திரு என்று பொருள். பல கவுண்டிகளுக்கு, பல மணி நேரத்துக்குச் சேர்த்துச் சொல்வார்கள். டொர்னாடோ, இடிமழை வாட்ச் என்றால் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் தருவது. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, அல்லது ரேடாரில் தெரிகிறது, உடனே ஒதுங்கு. அதை நம் வட்டார அலுவலகம் தரும். என் கருவியில் வார்னிங்குக்குச் சிவப்பு, வாட்சுக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்கு மஞ்சள். வெள்ள வாட்ச், இடிமழை வாட்ச் எல்லாவற்றின் அலறலையும் நிறுத்தினேன். டொர்னாடோ வார்னிங்கை நிறுத்தவே முடியாதபடி கருவியைச் செய்திருக்கிறார்கள், அது சரி. மிச்சம் இருந்தது கடும் இடிமழை வார்னிங். மணிக்கு 58 மைல் வேகக் காற்றோ ஓர் அங்குல ஆலங்கட்டியோ வரும் என்றால் கொடுப்பது. வசந்த காலத்தில் அது அடிக்கடி வரும். அதையும் நிறுத்திவிடலாமா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2024 மார்ச்சில் அம்மா வந்தார்கள். வேதாரண்யத்துக்காரர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், காதில் விழும் வேகத்தில் புரியாது. கைப்பேசியில் ஊர் சிம், இங்கே வைஃபையில் மட்டும் ஓடும். அவசர எச்சரிக்கை அதற்கு வராது. காலையில் நானும் மனைவியும் போன பிறகு வீட்டில் அம்மாவும் ஏழு வயது மகளும்தான். அப்போதுதான் உறைத்தது, இந்த ரேடியோவை நான் எனக்காக அமைத்து வைத்திருக்கிறேன், வீட்டில் தனியாக இருக்கப் போகிறவருக்காக அல்ல.

சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நம் ஊரில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்போமே, அது மாதிரியா?" என்றார்கள். அதே மாதிரிதான், ஆனால் நாகப்பட்டினத்தில் கூண்டு ஏற்றினால் ஒரு நாளாவது கையில் இருக்கும். இங்கே டொர்னாடோவுக்குக் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டித்தான் என்றேன். கடும் இடிமழை வார்னிங்கை நிறுத்தப் போகிறேன் என்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா கரை கடந்தது எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஓடு பறந்ததையும், தென்னைகள் முறிந்து வரிசையாகப் படுத்ததையும் இருட்டில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர். "காற்றுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்தால் என்ன தம்பி? மரம் விழுந்தால் விழுந்ததுதானே. அதை நிறுத்தாதே."

நிறுத்தவில்லை.

அம்மாவுக்கு நாலே நாலு ஆங்கிலச் சொற்களைக் காதுக்குப் பழக்கினேன். டொர்னாடோ. வார்னிங். டாலஸ். அன்டில். கடைசிச் சொல்தான் முக்கியம்: அதற்குப் பின்னால் வரும் நேரம்வரை வெளியே வரக் கூடாது. வாராவாரம் புதன்கிழமை நண்பகலை ஒட்டி ஒரு சோதனை அறிவிப்பு வரும். வானம் மோசமாக இருந்தால் அன்று சோதனையைத் தள்ளிப்போடுவார்கள், உண்மை எது சோதனை எது என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. அம்மா புதன்தோறும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரேடியோ முன் நின்று, நாலு சொற்களில் எது காதில் விழுகிறது என்று கேட்டுப் பழகினார்கள். மூன்றாவது வாரம்தான் அந்தச் சீட்டை எழுதி ஒட்டினார்கள். படிக்கட்டு அறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டு, பழைய ஜமுக்காளம், பாப்பாவின் சைக்கிள் ஹெல்மெட், தண்ணீர், ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு. உடைந்த கண்ணாடி மேல் நடக்கச் செருப்பு வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள்.

மே 28, செவ்வாய்க்கிழமை. வேலை விஷயமாக நான் முந்தின நாளே அட்லாண்டாவுக்குப் போயிருந்தேன். மனைவிக்கு ஆய்வகத்தில் விடியற்காலை முறை, ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள். ஆறு மணியை ஒட்டி ரேடியோ அலறியிருக்கிறது. முதலில் மூன்று முறை கரகரப்பு, பிறகு விடாமல் ஒரே ஸ்வரத்தில் 1050 ஹெர்ட்ஸ் ஒலி. சிவப்பு விளக்கு. அம்மா டொர்னாடோ என்ற சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. வார்னிங் கேட்டது, டாலஸ் கேட்டது, போதும். தொட்டிலிலிருந்து ரேடியோவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

அது டொர்னாடோ அல்ல, நேர்க்காற்று, அதாவது சுழலாமல் ஒரே திசையில் வீசும் புயல்காற்று. அன்று காலை இந்த வட்டாரத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. பக்கத்து வீட்டு மரத்தின் பெரிய கிளை ஒன்று எங்கள் வேலியை உடைத்துக்கொண்டு வந்து, மாடி ஜன்னலைக் குத்தி, மகளின் கட்டில்மேல் இலையும் கண்ணாடியுமாகக் கொட்டியிருந்தது. கட்டில் காலியாக இருந்தது.

இருட்டறைக்குள் அம்மா அந்தக் கணினிக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்டில் என்று சொன்ன நேரம் முடிந்த பிறகும் கால்மணி நேரம் கூட இருந்துவிட்டுத்தான் வந்தார்கள். வைஃபை இல்லை, எங்கள் தெருவில் கைப்பேசியும் இணைப்புக் கொடுக்கவில்லை. மனைவி பாதை சுற்றி வீடு வந்து, என்னோடு பேசும்போது ஏழரை தாண்டிவிட்டது. இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த வீட்டில், அடுத்த மழை எப்போது என்று சொன்னது அந்த ரேடியோ மட்டும்தான். பேட்டரியை மாற்றத் தெரியுமா என்று கேட்டேன். மகள் மாற்றிவிட்டாளாம்.

பேட்டரி பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. என் கருவியின் பேட்டரி அறைக்குள் ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கிறது, சார்ஜ் ஏற்றும் வகையா சாதாரண வகையா என்று சொல்ல. சாதாரண பேட்டரியைப் போட்டுவிட்டு அதைத் தள்ளாமல் தொட்டிலில் வைத்தால் பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். எனக்கு ஒருமுறை ஆயிற்று. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காப்பாற்றினேன். மகளிடம் அதைக் காட்டிக்கொடுத்திருந்தேன், அன்று அவள் மறக்காமல் தள்ளியிருந்தாள்.

செப்டம்பரில் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போதும் புதன்கிழமை, அவர்களுக்கு ராத்திரி ஆகும் நேரத்தில், அவர்களிடமிருந்து போன் வரும். "இன்றைக்குப் பெட்டி பேசியதா?" பேசியது என்றால் வைத்துவிடுவார்கள். பத்து நாளாகச் சோதனை அறிவிப்பு எதுவும் எட்டவில்லை என்றால் என் கருவி தானே திரையில் சொல்லும், வரவேற்பைச் சரிபார் என்று. அம்மாவுக்கு அதுவரை பொறுக்காது. சென்ற மாதம் ஒரு புதன் பேசவில்லை. வானம் கறுத்திருந்தது, தள்ளிப்போட்டிருப்பார்கள் என்றேன். "இருக்கட்டும், ஆன்டெனாவை ஒரு தடவை பார்த்துவிடு" என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஜன்னல் திரையை மாட்டும்போது யாரோ அதை மடக்கி வைத்திருந்தார்கள்.